ஒரே சூரிய உதயம் என்று நினைத்த மகனுக்கு

மக்கா, இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை ரீஸ்டார்ட் செய்ய முடியாது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துத்தான் ஆக வேண்டும். உனக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் பெற்றவர்கள் மகனுக்குச் சிக்கனம், பொறுமை, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோயிலுக்குப் போவது என்று புத்தி சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருப்பதெல்லாம் வெப்ராளம்தான், மனசுக்குள் கிடந்து வேகிற ஆற்றாமை. அது பீரோவுக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். புத்தி வேண்டுமென்றால் நடுவில் கிடக்கும், பொறுக்கிக்கொள்.

உன்னைப் போல வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வேறு யாராவது வாசித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக ஆதியிலிருந்தே சொல்கிறேன். குமரி மாவட்டத்து அருமனையில் 2004-ல் நாங்கள் இந்த வீடியோ ஸ்டுடியோவைத் தொடங்கியபோது நீ பள்ளிக்கூடப் பையன். அப்பா கேமரா பிடிப்பார், நான் வீட்டு முன்னறையில் இருந்து எடிட் செய்வேன். பாதி கல்யாணம், பாதி அடக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு அடுத்த போன் வீடியோக்காரருக்குத்தான். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ லீவு கிடைத்திருக்காது. அவர்கள் பார்ப்பதற்காகத்தான் அந்தப் படம். அதனால் உன் அப்பா இறந்தவரின் முகத்தில் கேமராவை நெடுநேரம் அசையாமல் வைப்பார். பக்கத்தில் இருந்து அழுகிறவர்களும் கொஞ்ச நேரத்தில் கேமராவைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அந்தக் கண்ணாடிக்குள் பிள்ளை இருப்பது போல. கல்யாண வீடியோ என்றால் தொடக்கத்தில் கன்னியாகுமரி சூரிய உதயம், அடக்க வீடியோ என்றால் அதே கடலில் அஸ்தமனம். அப்பா ஒரே ஒரு தடவை போய் எடுத்துவந்த அந்த இரண்டு துண்டுகளைத்தான் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்கால ஈரத்தில் டேப்புகளுக்குப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் நீதான் வழி சொன்னாய். தோஹாவுக்குப் போவதற்கு முன்னால் எல்லா டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். நமது பழைய எடிட்டிங் கம்ப்யூட்டரின் வயிற்றில் ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாகக் கோர்த்து, அதற்குச் சர்வர் என்று பேர் வைத்து, பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "இனி ஒண்ணும் அழியாதும்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அன்று எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பீரோவை நகர்த்தி அதைக் காட்டினேன்.

முதல் ஒரு வருடம் சும்மா இருந்தது. பிறகு சண்டித்தனம் தொடங்கியது. ஒரு வீடியோவை அதிலிருந்து எடுக்கப் போனால் பாதியில் நின்றுவிடும். மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மெமரி போதவில்லை, இன்ன வேலையைக் கொன்றுவிட்டேன் என்று. கொன்றுவிட்டேன் என்றுதான் போட்டிருந்தது மக்கா, நானாகச் சேர்க்கவில்லை. உனக்குப் போன் செய்தேன்.

"ரீஸ்டார்ட் பண்ணுனியாம்மா?"

"பண்ணியாச்சு மக்கா. கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், பின்னயும் பழைய கதைதான்."

"அப்ப இன்னொரு மட்டம் பண்ணு. நான் மீட்டிங்ல இருக்கேன்."

எத்தனை மாதம் இப்படியே ஓட்டினாய்! காலையில் சாயா போடுவது போல அதை ரீஸ்டார்ட் செய்வதும் என் வேலையாகிவிட்டது. உன் அப்பாவாவது ஏதாவது யோசிப்பார் என்று பார்த்தால், அவர் மார்த்தாண்டத்துக்குப் போய் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஏட்டி, மெமரி இல்லன்னுதான சொல்லுது? இந்தா, மெமரி." அதையும் கோர்த்தோம். புதுக் கல்யாணங்களை எல்லாம் சந்தோஷமாக அதில் ஏற்றினோம். பெட்டி முன்பைவிட மோசமாகிவிட்டது. அப்புறம்தான் நீ வாயைத் திறந்து சொன்னாய், ஹார்ட் டிஸ்க் என்பது மூட்டை அடுக்குகிற அறை, இது கேட்பது ரேம், அதாவது வேலை செய்கிற இடம் என்று. அறை எவ்வளவு பெரிதானாலும் அடுப்படி மேடை ஒரு சாண் என்றால் அதில் என்னத்தைச் சமைக்க? சரி, புரிந்தது. ஆனால் மேடையை அப்படி எதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். "பழசு எல்லாத்தையும் டெலீட் பண்ணிரும்மா" என்றாய். எதைப் பழசு என்கிறாய் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அடக்க வீடியோ எல்லாம் யாரும்மா இனி பாக்கப் போறா?"

போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

அந்த வாரத்தில்தான் கடியப்பட்டணத்திலிருந்து செலின் வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். 2006-ல் அவளுடைய அப்பா இறந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் விடவில்லை. நாம்தான் அடக்கத்தைப் படம் பிடித்தோம். நாம் கொடுத்த சிடி கடற்காற்றில் உரிந்துபோய்விட்டது, அவள் அதைப் பார்க்கவேயில்லை. இப்போது லீவில் வந்திருக்கிறாள், சனிக்கிழமை திரும்பப் போகவேண்டும். வந்து உட்கார்ந்தவள் சாயாவைக்கூடத் தொடவில்லை.

"அக்கா, எனக்க அப்பாக்க அடக்க வீடியோ ஒங்ககிட்ட இருக்கா?"

"இருக்கும் மக்களே. என்னத்துக்கு இப்பம்?"

"அப்பாக்கு ஒரு சட்ட குடுத்துவிட்டேன், அக்கா. மொத சம்பளத்துல எடுத்தது. வெள்ளையில நீலக் கோடு. அது வந்து சேந்த மாசந்தான் போனாரு. அதப் போட்டுத்தான் அடக்குனோம்னு அண்ணன் சொல்லுகான். அவனுக்க பெஞ்சாதி, மைனி, அது யாருக்கோ குடுத்தாச்சுன்னு சொல்லுகா. அம்மையும், நான் ஒரு லீவுக்கு வாரதுக்கு முன்னாலயே போயாச்சு. பின்ன நான் ஆருகிட்ட கேக்க?"

இவ்வளவுதான் அவளுக்குத் தெரியவேண்டியது. அப்பா அந்தச் சட்டையைப் போட்டாரா இல்லையா. வியாழக்கிழமை வா, எடுத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். அவள் பஸ் ஏறினாளோ இல்லையோ, உன் அப்பா முன்னறையிலிருந்து வந்து தலையைச் சொறிந்தார். நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் நீ அவருக்குப் போன் செய்து, எந்தப் பட்டனை எங்கே தட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, 2004 ஃபோல்டர் முழுவதையும் அழிக்க வைத்திருக்கிறாய். அழிக்க ஆரம்பித்த பெட்டி பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் எழும்பும், விட்ட இடத்திலிருந்து அழிக்கத் தொடங்கும், மறுபடி மெமரி போதாமல் விழும். எழும்புகிறது, விழுகிறது. 2004 மட்டுமல்ல, ஒரு ஃபோல்டரையும் திறக்கவிடவில்லை. செலினுடைய அப்பாவும் அதற்குள்தான்.

அன்று உன்னிடம் போனில் போட்ட சத்தம் திருவட்டாறு வரை கேட்டிருக்கும். அதற்காக நான் வருத்தப்படவில்லை. "சவத்த விடும்மா, நான் லீவுக்கு வரும்போ பாத்துக்கிடுகேன்" என்றாய். நீ லீவுக்கு வரும்போது செலின் குவைத்தில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டிருப்பாள்.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா? ஸ்டுடியோ தொடங்கின புதிதில் நம்முடைய எல்லா வீடியோவிலும் நடுநடுவே ஒரு இரைச்சல் வரும், டிக்கிடிக்கி என்று. பாதிரியார் ஜெபம் பண்ணும்போது சரியாக வந்துவிடும். அப்பா மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், கேமராவையே விற்கப் போனார். நான்தான் அவரை உட்காரவைத்து, "வீட்டுலேருந்து கெளம்புனதுலேருந்து என்னெல்லாம் செய்யியது, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றேன். பேட்டரி போட்டேன், டேப் போட்டேன், புது மொபைலைச் சட்டைப்பையில் போட்டேன் என்றார். சவூதியிலிருந்து உன் சித்தப்பா கொடுத்துவிட்ட மொபைல். மைக் ஒயர் அந்தப் பைக்கு மேலாகத்தான் போகும். போன் வரப்போகும்போதெல்லாம் மைக் இரைந்திருக்கிறது. ஒரு சாமானும் கெட்டுப்போகவில்லை, புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாய்.

அதையேதான் உன்னிடமும் செய்தேன். புதன்கிழமை காலையில் நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துப் போன் செய்து, அந்தப் பெட்டியைச் செய்தபோது என்னென்ன செய்தாய், ஒன்றுவிடாமல் சொல் என்றேன். எரிச்சலோடுதான் சொன்னாய். டிஸ்க் கோர்த்தது, பாஸ்வேர்டு போட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் குரலில் பெருமை ஏறி, "பின்ன ஒரு நல்ல வேல பாத்தேன்மா" என்றாய்.

"என்ன வேல?"

"நம்ம எல்லா கல்யாணத்துலயும் ஒரே சன்ரைஸ்தானே வருது? எல்லா அடக்கத்துலயும் ஒரே சன்செட்டு. அத எதுக்கு நூறு மட்டம் வைக்கணும்? ஒரே மாதிரி துண்டு பின்னயும் வந்தா ஒரு மட்டம் மட்டும் வைக்கியதுக்கு ஒரு வசதி உண்டு, அத ஆன் பண்ணிவச்சேன். எடம் மிச்சம்."

"ஒரே மாதிரின்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாளம் எழுதி வச்சிருக்கும்மா. புதுசா ஒண்ணு வந்தா, அடையாளம் முன்னாலயே இருக்கான்னு தேடிப்பாக்கும்."

"அந்த அடையாளம் எல்லாத்தையும் எங்க வச்சிருக்கும்?"

குரலில் ஏறின பெருமை இறங்கி, "ரேம்லதாம்மா" என்றாய்.

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. லே, அந்தச் சூரிய உதயத்தை நான் ஒரு நாளாவது அப்படியே விட்டிருக்கிறேனா? அதற்கு மேலேதானே மாப்பிள்ளை பெண் பேர் எழுதுவேன்! ஒரு வீட்டுக்குப் பொன்னிற எழுத்து, ஒரு வீட்டுக்குச் சிவப்பு. ஒருத்தர் கோயில் மணி கேட்கவேண்டும் என்பார், இன்னொருத்தர் புறா பறக்கவேண்டும் என்பார். அஸ்தமனத்தின் மேல் இறந்தவரின் பேரும் பிறந்த வருடமும். எழுதி, நிறத்தைக் கூட்டிக் குறைத்து, மறுபடி ஒரு ஃபைலாக ஆக்கும்போது இரண்டு வீட்டுச் சூரியன் எப்படி மக்கா ஒன்றாக இருக்கும்? உன் பெட்டி வருடக்கணக்கில் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, "இத முன்னால பாத்துருக்கேனா, பாத்துருக்கேனா" என்று தேடி, எதுவும் எதுவோடும் ஒத்துப்போகாமல், மேடை முழுக்க அடையாளத்தை எழுதி நிரப்பி வைத்திருக்கிறது. மிச்சமான இடம் ஒன்றுமில்லை. அப்பா வாங்கிப்போட்ட டிஸ்க்கில் ஏற்றின கல்யாணங்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறது. ஒரு வீடியோவை அழிக்கப்போனாலும் இந்தத் துண்டு வேறு யாருக்காவது வேண்டுமா என்று ஒவ்வொன்றாகத் தேடித்தான் அழிக்குமாம். அதில்தான் மூச்சு முட்டியிருக்கிறது.

நீ எங்கேயோ வாசித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்து, அதுதான் காரணம், அழித்து முடிக்கும் வரையாவது ரேம் கூட்டிக்கொடுக்கவேண்டும், வரும்போது வாங்கி வருகிறேன் என்றாய். நான் போனை வைத்துவிட்டு இப்போது நான் வேலை செய்கிற புது எடிட்டிங் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டுக்கும் ஒரே வகை ரேம்தான், உன் புண்ணியத்தில் அது ஒன்றாவது சரியாக இருந்தது. உன் அப்பா பதறிப்போனார். "ஏட்டி, ஞாயித்துக்கெழம குடுக்க வேண்டிய கல்யாணம் அதுல கெடக்கு!" கிடக்கட்டும் என்றேன். கல்யாண வீட்டார் உள்ளூரில்தான் இருக்கிறார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அப்பா டார்ச் பிடிக்க, நான் ரேமைப் பிடுங்கி அங்கே சொருகினேன். பெட்டி எழும்பியது. அழிக்கத் தொடங்கியது. அன்று முழுக்க அதன் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்ததைப் பார்த்துக்கொண்டு, சோறு வைக்கவும் தோன்றாமல் இருந்தேன். வியாழக்கிழமை செலின் வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஃபோல்டர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. 2004 போயே போய்விட்டது. அதில் யார் யார் இருந்தார்களோ, அந்த வீடுகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. 2006 இருந்தது.

அஸ்தமனம் வந்தது, அதன் மேல் நான் எழுதின பேர் வந்தது. செலின் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். சவப்பெட்டியில் அவளுடைய அப்பா. வெள்ளையில் நீலக் கோடு. கழுத்துப் பட்டன் போட்டு, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா எப்போதும் போலக் கேமராவை அசைக்காமல் வைத்திருந்தார். அப்போது அவளுடைய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தச் சட்டையின் காலரை நீவி, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"மக்ளே செலினே, பாத்தியா? நீ குடுத்துவிட்ட சட்டதான். ஒரு மட்டம் போடும்னு நான் எத்தன சொன்னேன்! அவ வரும்போ போடுகேன்னு டிரங்குப் பெட்டிக்குள்ள பொதிஞ்சு வச்சிட்டாரு. இன்னைக்குத்தான் போடுகாரு."

செலின் அழுத அழுகையை நான் எழுதமாட்டேன். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, போட்டாரு, என்னா?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை குவைத்துக்குப் போய்விட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொன்னபோது நீ சொன்னது, "பாத்தியாம்மா, நான் சொன்னேம்லா." அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நீ கேட்கவில்லை. இந்தக் கடிதம் அன்றைக்குத்தான் எனக்குள் தொடங்கியது.

உன்னைக் கட்டிக்கொண்டு வரப்போகிறவள் ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், இல்லாவிட்டால் காரணம் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போகாதே. அவள் மேடையில் என்ன நிரம்பிக் கிடக்கிறது என்று கேள். அதில் நீ கொண்டுபோய் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்றும் கேள். பெரும்பாலும் இருக்கும், உன் அப்பாவோடு இத்தனை வருடம் இருந்தவள் சொல்கிறேன். மற்றவர்கள் வைத்திருப்பதைப் பழசு, ஒன்றுபோல இருக்கிறது, ஒன்று போதும் என்று நீயாகத் தீர்மானிக்காதே. உங்கள் கல்யாண வீடியோவில் சூரிய உதயம் வேண்டாம், பழைய ஸ்டைல் என்று வாட்ஸாப்பில் எழுதியிருந்தாய். போடத்தான் போகிறேன். அதன் மேல் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதத்தான் போகிறேன்.

இன்னும் ஒன்று. அந்த வசதியை நீ சொன்னபடி அணைத்துவிட்டேன், ஆனால் முன்பே எழுதின அடையாளம் போகாதாமே, எல்லா வீடியோவையும் வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றினால்தான் தீருமாமே. அப்பா புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி வந்திருக்கிறார், இந்தத் தடவை சரியான சாமான். அதைப் பெட்டியோடு கோர்க்காமல் தனியே வைத்து ஒவ்வொரு வருடமாக எடுத்துவைக்கிறேன். அதற்காக நேற்று பீரோவை முழுக்க ஒழித்தேன். அப்பாவின் தட்டில், வேட்டிகளுக்கு அடியில், போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின நீலச் சட்டை இருந்தது. கவர்கூடப் பிரிக்கவில்லை, காலருக்குள் வைத்த அட்டை அப்படியே இருந்தது. இதென்ன என்று கேட்டேன். அவர் கேமரா பேட்டரியைத் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும் ஏட்டி, அவன் வரும்போ போடலாம்" என்றார்.

செலின் வீட்டுப் படத்தை எடுத்ததே இந்த மனிதர்தான், அவருக்கு உறைக்கவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். இதை வாசித்து முடித்ததும் அவருக்குப் போன் செய். அந்தச் சட்டையை நாளைக்கே போட்டு, சந்தை வரை ஒரு நடை போய்விட்டு வரச் சொல். ரேமெல்லாம் நீ வரும்போது கொண்டுவந்தால் போதும்.